சிவப்புக் கொக்கி

இந்த ஊரில் கிடைக்கும் மரவள்ளிக்கிழங்கு சரியாக வேகாது. உறைய வைத்துப் பையில் அடைத்து விற்கிறார்கள். எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் நடுவில் ஓடும் நரம்பு நரம்பாகவே இருக்கும். ஆறு பருவமாக இதைத்தான் தின்கிறோம். குறையாகச் சொல்லவில்லை ஐயா. வாக்குமூலத்தை முதலிலிருந்து எழுது என்றீர்கள். எது முதல் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் சாப்பாட்டிலிருந்து தொடங்கினேன்.

என் பெயர் சேத்தரேக்கி. வயது நாற்பத்து நான்கு. ஃபிஜியில், மாதத்துக்கு ஒரு முறை கப்பல் வரும் தீவு எங்களுடையது. ஒன்பது மாதம் இங்கே ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை, மூன்று மாதம் வீடு, மறுபடி இங்கே. எழுத்து எனக்கு முப்பத்தெட்டு வயதுக்கு மேல்தான் வந்தது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

செத்துப்போன நெமானி எனக்கு தவு. இதை விளங்கிக்கொள்ளாமல் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது. அவன் ஊரும் என் தீவும் பழைய காலத்தில் ஒரே தெய்வத்திலிருந்து பிரிந்தவை என்பார்கள். அப்படிப் பிரிந்த இரண்டு ஊர்க்காரர்கள் உலகத்தில் எங்கே சந்தித்துக்கொண்டாலும் கேலி முறை. ஒருவரையொருவர் தவு என்றுதான் கூப்பிடுவோம். நான் அவனை எந்த வார்த்தை வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் கோபப்படக் கூடாது. அவன் பொருள் எதை வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், அவன் தடுக்கக் கூடாது. அவனுக்கும் என்மேல் அதே உரிமை. சாவு வீட்டில்கூட இந்த முறை நிற்காது. இதை நாங்கள் சட்டமாக நினைப்பதில்லை. மூச்சு விடுவது போல நடக்கும்.

நெமானி வந்து இறங்கிய அன்று, பேருந்துப் படியில் நின்றபடியே என்னைப் பார்த்து, எந்தத் தீவு என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க தீவுக்குப் பாதிரியார் வந்து சேந்துட்டாரா, இல்ல இன்னும் படகுலயேதான் இருக்காரா?"

"வந்துட்டாரு தவு. உங்க ஊருக்குச் சாப்பிடப் போனவருதான் திரும்பி வரல."

அவன் சிரித்த சிரிப்பில் பெட்டி கீழே விழுந்தது. முன்காலத்தில் அவன் ஊர்க்காரர்கள் ஒரு பாதிரியாரைச் சமைத்துத் தின்றதாகக் கதை உண்டு. அன்றே என் போர்வையை எடுத்துக்கொண்டான். நான் அவன் காலணியைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போனேன். என் தட்டில் இருக்கும் மீனை அவன் தின்பான். தேவாலயத்தில் நான் ஜெபம் சொல்ல எழுந்தால், பின்னாலிருந்து இடுப்புத் துணியைப் பிடித்து இழுப்பான். முப்பத்தாறு வயது. எங்கள் பாடகர் குழுவில் அவனைப் போல அடிக்குரலில் பாட ஆளில்லை. எலும்பு நீக்கும் கத்தி அவன் கையில் இருந்தால் இறைச்சி தானாகப் பிரிவது போல இருக்கும். அவனோடு இருந்த முதல் இரண்டு மாதமும் நான் வீட்டை நினைக்கவில்லை. நான் அவனை வெறுத்தேன் என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு வேலை கூடியது. பக்கத்து ஊரில் இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே போக வேண்டிய ஆடுகளும் இங்கே வந்தன. அதே சமயத்தில் எங்கள் குழுவில் இரண்டு பேர் சொல்லாமல் ஓடிப்போனார்கள். பதினொரு பேர் வேலை ஒன்பது பேர் தலையில் விழுந்தது. காலை நான்கு மணிக்குக் கத்தி எடுத்தால் மாலை நான்குக்குத்தான் கீழே வைக்கலாம். வாரத்தில் ஆறு நாள். ஞாயிறு போக, ஆளுக்கொரு ஓய்வு நாள் பத்து நாளைக்கொரு முறை பட்டியலில் வரும். காலையில் எலும்பு நீக்குவது, மதியத்துக்கு மேல் பெட்டிகளை ஃப்ரீசருக்குள் தள்ளி அடுக்குவது. சூட்டிலிருந்து உறைபனிக்கு, உறைபனியிலிருந்து சூட்டுக்கு. உடம்புக்கு எது பகல் எது குளிர்காலம் என்று தெரியாமல் போகும்.

லோர்னா நல்லவள். அவள் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய தம்பி லாரி ஓட்டிக்கொண்டே தூங்கி மரத்தில் மோதியவன். அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்குப் படித்தாளாம். ஆட்கள் வேலையில் தேய்ந்து போகிறார்கள் என்று மேலே இருப்பவர்களோடு சண்டை போட்டு, உடை மாற்றும் அறை வாசலில் ஒரு பலகை அடித்தாள். பலகையில் மூன்று வரிசைக் கொக்கிகள். ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த ஒரு தகடு. காலையில் வந்ததும் தகட்டைப் பச்சையில் மாட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். மஞ்சள் என்றால் களைப்பு, லேசான வேலை கொடுங்கள். சிவப்பு என்றால் இன்று முடியாது. சிவப்பில் மாட்டியவனை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், கூலி உண்டு. ஒருவன் மாதத்தில் மூன்று முறை சிவப்புக்குப் போனால் மருத்துவரிடம் அனுப்பி, அந்தக் குழுவின் வேலை நேரத்தையே மாற்றி எழுதுவாள். பலகைக்குக் கீழே வீடு என்று எழுதி ஓர் ஆணி வரிசை. வேலை முடிந்து போகிறவன் தகட்டை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்து பூட்டுவார்கள்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவனைக் களைப்புப் பார்ப்பவனாக வைத்தாள். எங்கள் குழுவுக்கு நான். எங்கள் ஆட்களில் பலருக்கு அவள் பேசும் வேகத்தில் ஆங்கிலம் புரியாது, எனக்குப் புரியும்.

அந்த வருடம் தொழிற்சாலைக்கு ஒரு குடும்ப இடம் கிடைத்திருந்தது. கிடைக்கிறவன் மனைவியை அழைத்து வந்து நான்கு வருடம் இங்கேயே சேர்ந்து இருக்கலாம். ஆட்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறவனுக்கு அந்த இடம் என்று லோர்னா சொன்னாள். எதை வைத்து முடிவு செய்வாய் என்று கேட்டேன். பலகையை வைத்து என்றாள். சிவப்பு இல்லாத குழுவில் ஆட்கள் நன்றாக ஓய்வெடுக்கிறார்கள் என்றுதானே பொருள் என்றாள். ஜூனில் கணக்கு தொடங்கும், ஆகஸ்ட் கடைசி வியாழன் மாலை முடியும்.

என் மனைவி உனாய்சி. அதற்கு முந்தின வாரம்தான் தொலைபேசியில் பேசியிருந்தாள். அவள் சத்தம் போடுகிறவள் அல்ல.

"அடுத்த தடவை வந்தா தங்குறதுக்கு வா. விருந்தாளியா வர்றதா இருந்தா பக்கத்து வீட்டுல போய் இறங்கு. இங்க படுக்கை ஒண்ணுதான் இருக்கு, அது எனக்குப் பழகிப்போச்சு."

அதற்குப் பிறகு நான் அழைத்தால் அவள் தங்கைதான் எடுப்பாள். உனாய்சி தோட்டத்தில் இருக்கிறாள் என்பாள். அழைப்பது எந்த நேரமாக இருந்தாலும் தோட்டத்தில்தான் இருப்பாள். ஆறு பருவத்தில் நான் அவளோடு இருந்தது மொத்தம் ஒன்றரை வருடம்கூட வராது. எனக்கு அந்த ஒரு இடம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் நேராகத் தெரியும்.

ஜூன் இரண்டாம் வாரம் நெமானி தகட்டைச் சிவப்பில் மாட்டினான். அவன் எண் முப்பத்தெட்டு. லோர்னா ஏழரை மணிக்குத்தான் வந்து பலகையைப் பார்த்து எழுதுவாள். அவன் சீருடையைக் கழற்றக் குனிந்திருந்தபோது நான் தகட்டை எடுத்துப் பச்சையில் மாட்டினேன். அன்று அது கேலிதான். தவுவின் பொருளை எடுத்து வேறு இடத்தில் வைப்பது எங்களுக்குத் தினமும் நடப்பது. நிமிர்ந்து பார்த்தவன் சிரித்தான்.

"திருட்டுப் பயலே. ஒரு நாள் படுத்துக்கிறேன்னு பாத்தா விட மாட்டியா?"

"உங்க ஊர்ல ஆம்பளைங்க படுக்கிறது செத்தப்புறம்தான்னு சொன்னாங்களே தவு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். என்னைத் தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தடுத்தால் அவன்தான் முறை தெரியாதவன் ஆவான்.

அடுத்த முறை மாட்டியபோதும் எடுத்தேன். அதற்கு அடுத்த முறையும். மொத்தம் பதினான்கு முறை. நான்காவது முறையிலிருந்து அது கேலி இல்லை. ஆனால் கேலி மாதிரியே செய்தேன், ஒரு வார்த்தை சொல்லி, மற்றவர்களைச் சிரிக்க வைத்து. மற்ற ஏழு பேரும் மஞ்சளுக்குக்கூடப் போகவில்லை. போனால் நெமானிக்கு விழும் கேலி தங்களுக்கும் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் அவர்களை மிரட்டவே இல்லை.

ஓய்வு நாளைப் பற்றியும் கேட்டீர்கள். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே வந்த நாள்களில் நான்கை நான் எடுத்துக்கொண்டேன். உன் புதன்கிழமை என்னுடையது என்று சொன்னேன், அவ்வளவுதான். என் இடத்தில் அவன் நின்றான். போர்வையை எடுப்பதற்கும் புதன்கிழமையை எடுப்பதற்கும் எங்கள் முறையில் வித்தியாசம் சொல்லப்படவில்லை. நானும் களைத்திருந்தேன் ஐயா. இரண்டு தோள்பட்டையும் உயராமல் முகம் கழுவத் தலையைத் தாழ்த்தித்தான் கழுவுவேன். அந்த நான்கு நாள் தூங்கியிருக்காவிட்டால் நானே சிவப்பில் மாட்டியிருப்பேன்.

ஜூலை நடுவில் லோர்னா எங்கள் குழுவை உட்கார வைத்துப் பேசினாள். எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நெமானி மட்டும் வாய் திறந்தான். எங்கள் பேச்சில் சொன்னான்.

"மூணு வாரமா கண்ணு மூடல. மூடினா ஆடு தொங்கிக்கிட்டே வருது. கத்தி கையில இருக்கா இல்லையான்னு கீழ பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். இவகிட்ட சொல்லு தவு."

லோர்னா என்னைப் பார்த்தாள். மெத்தை ரொம்ப மெத்தென்று இருக்கிறதாம், எங்களுக்குப் பாயில் படுத்துப் பழக்கம் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். மறுநாளே புது மெத்தை வந்து இறங்கியது, கெட்டியானது. லோர்னா சொன்னதைச் செய்கிறவள். நெமானி அந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ரொம்ப நேரம் உரித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்திலிருந்து அவன் என்னைத் திருப்பிக் கேலி செய்வதை நிறுத்திவிட்டான். என் மீனைத் தின்னவில்லை. என் சட்டையை எடுக்கவில்லை. நானே அவன் தட்டுப் பக்கம் மீனைத் தள்ளி வைத்தேன், தொடவில்லை. எங்கள் ஊரில் ஒருவனுக்கு நோய் முற்றிவிட்டது என்பதை மருத்துவருக்கு முன்னால் அவன் தவுதான் கண்டுபிடிப்பான். திருப்பி அடிக்காத தவு கிடையாது. எனக்கு அன்றே தெரியும். ஆகவே தெரியாமல் நடந்தது என்று என் வக்கீல் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். பாட்டு முடிந்து உட்கார்ந்தோம். அவன் உட்காரவில்லை. பிரசங்கம் முழுவதும் நின்றான், காணிக்கைத் தட்டு வந்தபோதும் நின்றான். பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி அவன் பக்தியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உட்கார வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அதைக்கூட மற்றவர்கள் கேலி என்றுதான் நினைத்தார்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை மாலை நடந்ததை ஜோலமே உங்களிடம் சொல்லியிருப்பான். ஜோலமே எங்கள் அறையில் மூன்றாவது கட்டிலில் படுப்பவன், பொய் சொல்ல மாட்டான். அவன் சொன்னது அத்தனையும் சரி. அதில் விட்டுப்போனதை மட்டும் நான் சொல்கிறேன்.

நாங்கள் எட்டுப் பேரும் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தோம். நெமானி உள்ளேயிருந்து வந்தான். முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, ஊரில் பெரிய காரியத்துக்குக் கட்டும் சுலு என்னும் இடுப்புத் துணி கட்டியிருந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு. அவன் அம்மா அனுப்பியது, பெட்டி அடியில் பத்திரமாக வைத்திருந்தான். அதை இடித்துத் தண்ணீரில் கரைத்துச் சிரட்டையில் குடிப்போம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டை ஒருவன் முன்னால் வைத்துக் கேட்டால் அது குடிப்பதற்கு அல்ல. கல்யாணம் கேட்பதும் கொலைக்கு மன்னிப்புக் கேட்பதும் அப்படித்தான். அதன்முன் கேலி கிடையாது. ஏற்றுக்கொள்கிறவன் இரண்டு கையாலும் வேரைத் தொட்டுப் பதில் சொன்னால், கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது என்று பொருள். வேண்டாம் என்றால் தொடாமல், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லலாம்.

அவன் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கையைக் குழித்து மூன்று முறை தட்டினான். என்னை தவு என்று கூப்பிடவில்லை. என் குலத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஆறு பருவத்தில் இந்த ஊரில் யாரும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை.

"இது சின்னக் கட்டு. இதைவிடப் பெருசு என்கிட்ட இல்ல. நான் கேலி பண்ண வரல. நீங்க என்னைக் கேலி பண்ணாம இருக்கணும்னு வந்திருக்கேன். நான் முடிஞ்சுபோயிட்டேன். நாளைக்கழிச்சு என் தகட்டைச் சிவப்புல மாட்டுவேன். அதை அங்கயே இருக்க விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

கணக்கு முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. பலகையில் எங்கள் குழுவுக்கு ஒரு சிவப்புகூட இல்லை. அடுத்த நிலையில் இருந்த தொங்கா நாட்டுக் குழுவுக்கு ஒன்று. அவன் மாட்டினால் சமம். அவன் நிலையில் மருத்துவர் அவனைப் பார்த்தால் முதல் கேள்வியே இத்தனை நாள் யார் கவனித்தது என்பதாக இருக்கும். உனாய்சி தோட்டத்தில் இருக்கிறாள் என்று அவள் தங்கை சொல்லும் குரல் என் காதில் கேட்டது. என் காதில் கேட்டது என்று சும்மா எழுதவில்லை, கேட்டது.

நான் வேரை எடுத்தேன். இரண்டு கையால் அல்ல. சந்தையில் கோழியைத் தூக்குவது போல ஒரு கையால் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"ஜோலமே, தண்ணி கொண்டாடா. நம்ம தாகம் இவனுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ. பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்ததை தவு தானாவே கொண்டாந்துட்டான்."

அவர்கள் வேரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கி வைத்தது போலச் சிரித்தார்கள். நெமானி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனும் சிரித்தான். அவன் சிரித்ததை ஏழு பேர் பார்த்தார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் சிரட்டையை அவனுக்குத்தான் கொடுத்தேன். குடித்தான்.

அதற்கு மேல் ஒருவனுக்குச் சொல்ல எங்கள் மொழியில் வழி இல்லை. கேலியாகச் சொன்னான், நேராகச் சொன்னான், வேர் வைத்துச் சொன்னான். நான்காவது ஒன்று எங்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை.

திங்கட்கிழமை முதல் அவன் தானாகவே தகட்டைப் பச்சையில் மாட்டினான். நான் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த நாள்களில் லோர்னா எழுதியதெல்லாம் உண்மைதான். அவன் கையால் மாட்டியது.

கணக்கு முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, ஜோலமேதான் அவனைக் கண்டான். ஃப்ரீசருக்குள், மூன்றாவது அடுக்குக்குப் பின்னால், மடித்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் ஓடிவந்தோம். அவர்கள் அழுதுகொண்டே என்னைத்தான் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்று உங்களுக்கு இப்போது தெரியும். பிணத்தின் முன்னால் முதல் வார்த்தை தவுதான் பேச வேண்டும், அதுவும் கேலியாக. அப்போதுதான் மற்றவர்கள் வாய்விட்டு அழ முடியும்.

"எந்திரி சோம்பேறி. எல்லாரும் வேலைக்கு வந்தாச்சு, உனக்கு மட்டும் இன்னும் விடியலையா?"

அவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து கதறினார்கள். லோர்னாவுக்குப் புரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினாள். நான் பிணத்தைப் பார்த்துச் சிரித்தேன் என்று அவள் உங்களிடம் சொன்னதிலிருந்துதான் இந்த விசாரணை தொடங்கியது. அதற்காக என்னைப் பிடித்தது தவறு. அது முறை. மற்றதற்காகப் பிடித்திருந்தால் சரி.

வியாழன் மாலை கணக்கு முடிந்ததும் அலுவலகத்தில் பெயரை எழுதிவிட்டார்களாம். என் பெயர்தான். உனாய்சியின் தாள்களில் பாதி வேலை முடிந்திருக்கும். அதை நிறுத்த வேண்டாம் என்று நீங்கள் லோர்னாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? உனாய்சி ஒன்றும் செய்யவில்லை. நான் சிறையில் இருந்தாலும் இதே நாட்டில்தானே இருப்பேன். அவள் பக்கத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாம்.

இனி அந்தத் தகடு. பூட்டும் நேரத்தில் நெமானியின் முப்பத்தெட்டாம் எண் தகடு வீட்டு ஆணியில் எப்படித் தொங்கியது என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் தெரியாது என்றேன். தெரியும்.

வியாழன் நான்கு மணிக்கு எல்லோரும் தகட்டை ஆணியில் மாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்கள். அவனுடையது மட்டும் பச்சையிலேயே இருந்தது. நான் தேடிக்கொண்டு உள்ளே போனேன். ஃப்ரீசர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். தலையில் குல்லாய், இரண்டு கையும் தொடைகளுக்கு நடுவில், முதுகு சுவரில். மூச்சு வந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டு வந்தது. புருவத்தில் பனி பிடித்திருந்தது. எத்தனை மாதங்களுக்குப் பிறகு அவன் முகம் அப்படி இருந்தது என்று நான் நினைத்தேன். பிள்ளை முகம்.

நான் அவனைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் செவிலியர் வருவார், மருத்துவர் வருவார், லோர்னா வருவாள். ஐந்து மணிக்குக் கணக்கு முடிகிறது. இப்போது நாலே கால். அந்த அறையின் குளிர் எனக்குத் தெரியும். ஆறு பருவம் அதற்குள் பெட்டி அடுக்கியவன் நான். எத்தனை நிமிடத்தில் விரல் போகும், எத்தனை மணியில் மற்றது என்று கேட்டால் சொல்வேன். கதவு உள்ளேயிருந்தும் திறக்கும், அவன் எழுந்து வந்துவிடுவான் என்று அப்போது நினைத்ததாக எழுதலாம். எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அப்படி நினைக்கவில்லை. அவன் எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

நெமானி என்று கூப்பிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அஞ்சு நிமிஷம் தவு. அஞ்சே நிமிஷம்."

சரி, படு என்றேன். விளக்கை அணைத்தேன். சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன். தகட்டை எடுத்து வீட்டு ஆணியில் மாட்டினேன். வண்டியில் இருந்தவர்களிடம், நெமானி பாதிரியார் வீட்டுக்கு நடந்தே போய்விட்டான், அங்கேயே படுத்துக்கொள்வானாம் என்று சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். தூங்கினேன்.

நான் யாருக்கும் ஓய்வு கொடுக்காதவன் என்று அவன் ஊரில் பேசிக்கொள்வார்கள். அது நியாயமில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஐந்து நிமிடம்தான் கேட்டான். நான் விடியும் வரை கொடுத்தேன்.